அண்ணிக்கு ஒரு காற்றுப்பெட்டி

என் அண்ணனைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆள் எங்கள் தெருவில் கிடையாது. எல்லோருக்கும் அவர் அரைமில்லி. வயதில் சின்னவர்கள் அரைமில்லி அண்ணன் என்பார்கள், மரியாதை அவ்வளவுதான். எதைக் காட்டினாலும் குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "அரை மில்லி தள்ளியிருக்கு" என்பார். கதவு சரியாகச் சாத்தவில்லை என்றால் அரை மில்லி. சட்டைப் பொத்தானை மாற்றித் தைத்துவிட்டால் அரை மில்லி. என் மகன் பிறந்த அன்று தொட்டிலை எட்டிப் பார்த்தவர், பிள்ளை யார் ஜாடை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தொட்டில் இடது பக்கம் சாய்ந்திருக்கிறது என்றார். என் மனைவி இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

எங்கள் இருவருக்கும் பிழைப்பு ஒரே கூரைக்குக் கீழே. முன்பக்கம் என்னுடைய கார் உதிரிபாகக் கடை, பின்பக்கம் அவருடைய பட்டறை, நடுவில் ஒரு கதவு. பட்டறைக்கும் பின்னால் ஒரு முற்றம், அதற்கு அந்தப்பக்கம் அவர் வீடு. மாடியில் நாங்கள். அந்த நடுக்கதவைச் சாத்துவதா திறந்து வைப்பதா என்பதில் எங்களுக்குள் தீராத வழக்கு. அவருடைய கிரைண்டர் என் வாடிக்கையாளர்களுக்கு ஆகாது, என் ரேடியோ அவருக்கு ஆகாது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காரின் இன்ஜினுக்கும் மூச்சு வேண்டும். வெளிக்காற்று ஒரு பெட்டிக்குள் போய், அங்கே இருக்கும் ஃபில்டரில் தூசியை விட்டுவிட்டு, ஒரு குழாய் வழியாக இன்ஜினுக்குள் போகும். வண்டியோடு வரும் அந்தப் பெட்டியும் குழாயும் சிலருக்குப் போதாது. மிதித்தால் இன்னும் கொஞ்சம் சீற வேண்டும், உறும வேண்டும். அவர்களுக்கு நான் செட் விற்கிறேன். பளபளவென்று ஒரு அலுமினியக் குழாய், கூம்பு மாதிரி ஒரு ஃபில்டர், ரப்பர் இணைப்புகள், கிளாம்புகள், எல்லாம் ஒரே அட்டைப்பெட்டிக்குள். அண்ணன் அதே வேலையைத் தகடு வெட்டி, வளைத்து, பற்றவைத்து, அந்த ஒரு வண்டிக்கென்றே செய்து கொடுப்பார். என் செட்டை மாட்டச் சொன்னவர் ஆற அமர ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் கிளம்பிவிடலாம். அண்ணனிடம் வண்டியை விட்டவர் சாப்பாட்டுக்கு வீடு வரை நடந்துதான் போக வேண்டும்.

பட்டறைக்கு வருகிறவர்கள் எனக்கு வைத்த பெயர் ரெடிமேட். வைத்துவிட்டுப் போகட்டும். என் செட்டைச் செய்கிறவர்கள் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு செய்வதில்லை. பல வண்டிகளில் மாட்டிப் பார்த்து, அளந்து, தப்பு வந்ததைத் திருத்தித்தான் கடைக்கு அனுப்புகிறார்கள். இன்ஜினை மாற்றிப் போட்டவன், உற்பத்தி நின்றுபோன பழைய வண்டியைக் கட்டிக்கொண்டு அழுகிறவன், இவர்களுக்குத்தான் அண்ணன் வேண்டும். மற்றவர்களுக்கு நான் போதும். இதை அவர் முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறேன். "போதும்னா போதும்தான்" என்றார். அதில் குத்தல் இருந்தது எனக்குச் சாயங்காலம்தான் உறைத்தது.

அண்ணி அப்படி இல்லை. அவரிடம் எதுவும் சாயங்காலம் வரை காத்திருக்காது, அப்போதே உறைத்துவிடும். பட்டறையின் ஃபோனை எடுப்பவர் அவர்தான். வேலை எப்போது முடியும் என்று நச்சரிக்கிறவனுக்கு அண்ணி சொல்லும் பதிலைக் கேட்கவே நான் ரேடியோவைக் குறைத்ததுண்டு. கிரைண்டர் ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் அண்ணன் காதில் ஏறாது. அண்ணி அடுக்களையில் நின்று "என்னங்க" என்றால் முற்றத்தைத் தாண்டி வந்து சேரும். அண்ணன் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவார். அப்படி ஒரு குரல்.

அண்ணன் வீட்டுக்குள் தங்குகிற ஆள் இல்லை. அவரைப் பிடித்து உட்கார வைக்கிற நாற்காலியை இன்னும் யாரும் செய்யவில்லை. பேச்சு பாதியில் இருக்கும்போதே எழுந்து போய்ச் சன்னல் கொக்கியைத் திருகிக்கொண்டிருப்பார். அண்ணி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஏதாவது பேசித் தீர்க்க வேண்டும் என்றால், "ஒரு சுத்து போயிட்டு வரலாமா?" என்பார். அவர்களுடைய பழைய காரில் இருவரும் கிளம்புவார்கள். ஓட்டுகிறவர் எழுந்து ஓட முடியாதல்லவா. குழந்தை இல்லை என்று ஆன பிறகு இனிமேல் எந்த டாக்டரிடமும் போவதில்லை என்ற முடிவு, எனக்கு முன்பக்கத்தை விட்டுக்கொடுப்பது என்ற முடிவு, எல்லாமே அந்த இரண்டு சீட்டுகளில் எடுக்கப்பட்டவைதான். எங்கள் குடும்பத்துக்குப் பேச்சுவார்த்தை அறை ஒன்று இருந்தது, அதற்கு நான்கு சக்கரம் இருந்தது.

பிறகு அண்ணியின் தொண்டையில் அது வந்தது. அதன் பெயரை எங்கள் வீட்டில் இன்றும் யாரும் சொல்வதில்லை, நானும் இங்கே எழுதப் போவதில்லை. அறுவை செய்தார்கள். உயிர் மிஞ்சியது, குரல் போய்விட்டது. கண்ணாடியில் ஊதுகிற மாதிரி வெறும் காற்றாக வார்த்தை வரும். கிட்டத்தில் உட்கார்ந்து, வாயைப் பார்த்துக்கொண்டு கேட்டால் புரியும். திரும்பச் சொல்லச் சொன்னால் இருமல் பிடித்துக்கொள்ளும். சிரமப்படுத்தக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இன்னும் எவ்வளவு காலம் என்று அண்ணன் கேட்டதற்கு, வாரா வாரம் கூட்டிக்கொண்டு வாருங்கள், பார்க்கலாம் என்றார். அந்தப் பதிலின் அர்த்தம் அண்ணன், நான், என் மனைவி மூன்று பேருக்கும் புரிந்தது. அண்ணிக்கு அது எங்களுக்கு முன்பே புரிந்திருந்தது.

மருத்துவமனை ஊரின் மறுகோடியில், பெரிய பாலத்தைத் தாண்டி இருந்தது. ஆரம்பத்திலேயே ஒரு காலையில், அண்ணி பையோடு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்ட பிறகு, கார் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. மூடியைத் தூக்கிப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஊருக்கெல்லாம் காற்றுக்குழாய் செய்கிற மனிதரின் சொந்த வண்டியில் ஃபில்டர் பெட்டி உடைந்து, கம்பியாலும் டேப்பாலும் கட்டி வைக்கப்பட்டிருந்தது. அன்றைக்கு அந்தக் கட்டும் விட்டு, குழாய் கிழிந்து தொங்கியது. அந்தப் பெட்டி இப்போது எந்தக் கடையிலும் வருவதில்லை. அண்ணன் கிழிசலைக் கையில் பிடித்துக்கொண்டு பட்டறைப் பக்கம் திரும்பினார். "இப்ப அதுக்கு நேரம் இல்லண்ணே" என்று நான் அலமாரியிலிருந்து ஒரு செட்டை இறக்கினேன். அண்ணி காரைவிட்டு இறங்கக்கூட இல்லை. அதற்குள் மாட்டி முடித்தேன். வாழ்நாளில் முதல் தடவையாக அண்ணன் எனக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தார்.

வண்டி ஓடியது, நன்றாகவே ஓடியது. ஆனால் அந்த மாதிரி செட்டில் ஃபில்டர் திறந்தபடி நிற்கும். மிதிக்கிற போதெல்லாம் காற்றை உறிஞ்சுகிற சத்தம் அப்படியே உள்ளே வரும். அதை விரும்பித்தான் பையன்கள் வாங்குகிறார்கள். பழைய கார் என்பதால் தகடும் மெல்லிசு, சத்தம் கால் மாட்டிலேயே உட்கார்ந்துகொண்டது.

சில வாரங்கள் போயிருக்கும். ஒரு மத்தியானம் அண்ணன் நடுக்கதவைத் திறந்துகொண்டு கடைக்குள் வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததைப் பார்த்ததும் நான் ரேடியோவை அணைத்தேன்.

"அண்ணிக்கு ஏதாவது..." என்றேன்.

"அவ கார்ல பேசறாடா."

"நல்லதுதானே."

"என்ன பேசறான்னு எனக்குத் தெரியல. போகும்போது பேசறா. வரும்போது ஊசி போட்ட அசதியில தூங்கிடறா. போகும்போது என் பக்கம் திரும்பி ஏதோ சொல்றா. அந்த இரைச்சல்ல ஒண்ணும் காதுல விழல. முதல்ல என்ன, என்னன்னு கேட்டேன். ரெண்டாவது தடவை சொல்லும்போதே இருமறா. அதனால இப்ப தலையாட்டறேன்."

"தலையாட்டறீங்களா?"

"சரி சரின்னு ஆட்டறேன். அவளும் சரின்னு திரும்பிக்கறா. பாலம் தாண்டினதும் பேச்சு நின்னுடுது. எதுக்கு சரி சொன்னேன்னு தெரியாம ஆஸ்பத்திரி வரைக்கும் ஓட்டறேன். இன்னும் எத்தனை வாரம் பேசுவான்னு யாருக்குத் தெரியும்?"

அண்ணன் அழுதார் என்று எழுத மாட்டேன். மூக்கைப் புறங்கையால் துடைத்தார், கையில் இருந்த கிரீஸ் கன்னத்தில் ஒட்டியது.

எனக்குத் தெரிந்த வழிகளையெல்லாம் சொன்னேன். என் வேனில் போங்கள் என்றேன். ஏறுகிற படி உயரம், அண்ணியால் முடியாது. வாடகைக் காரில் பின்சீட்டில் இரண்டு பேரும் உட்காருங்கள் என்றேன். முன்பின் தெரியாத ஓட்டுநரை வைத்துக்கொண்டு அவள் வாயே திறக்க மாட்டாள் என்றார், அது உண்மைதான். எழுதிக் காட்டச் சொல்லலாமே என்றேன். "ஓட்டறவன் எப்படிடா படிக்கறது?" என்றார். அவர் போன பிறகு நானே மெதுவாக அண்ணியிடம் கேட்டுப் பார்த்தேன். அண்ணி என் காதுப் பக்கம் வந்து, "மருந்து பேரை எழுதலாம் தம்பி. மத்ததை எழுதிக் குடுத்தா மொட்டைக் கடிதாசி மாதிரி இருக்கு" என்றார். குரல் போனாலும் வாய் போகவில்லை.

கடைசியில் என் வித்தையையே காட்டினேன். மூடிய பெட்டியோடு வரும் செட் ஒன்று இருக்கிறது, அடுத்த மாடலுக்குச் செய்தது. சொல்லிவைத்து வரவழைத்து, இரண்டு துளைகளை மாற்றிப் போட்டு மாட்டினேன். சத்தம் பாதியாகக் குறைந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் அண்ணியின் குரல் அந்தப் பாதியையும்விடக் குறைவாக இருந்தது.

"நல்ல சாமான்டா" என்றார் அண்ணன். அவர் வாயிலிருந்து அது வந்ததே பெரிசு. "ஆனா அவன் இதை வண்டிக்குன்னு செஞ்சான். அதுல உக்கார்ற ஆளுக்குன்னு செய்யல. நான் செஞ்சுக்கறேன்."

அன்று முதல் பட்டறையில் வேறு வேலை நடக்கவில்லை. வந்தவர்களையெல்லாம் என் பக்கம் அனுப்பினார். அட்டையை வெட்டி, டேப் ஒட்டி, முகப்பு விளக்குக்குப் பின்னால் கிடைத்த சந்துக்குள் திணித்துப் பார்ப்பார். எடுப்பார், ஒரு ஓரத்தைச் செதுக்குவார், மறுபடி திணிப்பார். அட்டை சரியாக உட்கார்ந்த பிறகுதான் தகட்டில் கை வைத்தார். முதல் பெட்டி, வண்டி நிற்கும்போது பூனை மாதிரி இருந்தது, ஓட ஆரம்பித்ததும் ஒரு வேகத்தில் ஓயாமல் முனகியது. முனகலை விழுங்குவதற்குப் பக்கவாட்டில் ஒரு மூடிய அறை வைத்தார். நாங்கள் அதை வயிறு என்போம். வயிற்றுக்குப் போகும் கழுத்தின் நீளம் மாறினால் எந்த முனகல் அடங்கும் என்பதும் மாறும். அந்தக் கழுத்தை எத்தனை தடவை வெட்டி ஒட்டினார் என்று அவருக்கே தெரியாது.

இரண்டாவது பெட்டியில் சத்தமே இல்லை, கூடவே காற்றும் இல்லை. பாலத்தில் ஏறும்போது வண்டி மூச்சுத் திணறி, பின்னால் வந்த பேருந்துக்காரன் ஹாரனிலேயே எங்கள் பரம்பரையை இழுத்தான். அடுத்ததில் குழாயின் வளைவு, காற்றை அளக்கிற சென்சாருக்கு ரொம்பக் கிட்டத்தில் வந்துவிட்டது. சுழன்று வருகிற காற்றை அது தப்பாக எண்ணியது, சிக்னலில் நின்றால் வண்டி குளிர் ஜுரம் வந்த மாதிரி நடுங்கியது. அண்ணன் எதற்கும் சலித்துக்கொள்ளவில்லை. சோதனைக்குக் கிளம்பும்போதெல்லாம் என்னைப் பக்கத்துச் சீட்டில் உட்கார வைத்து, "அவ மாதிரி பேசு" என்பார். நான் வாய்க்குள் காற்றை ஊதி ஏதாவது சொல்வேன். அவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். நான் "வெங்காயம் வாங்கணும்" என்றேன், அவர் "எங்கயாவது போகணும்" என்றார். அடுத்த வளைவிலேயே வண்டியைத் திருப்பிப் பட்டறைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது அண்ணி எங்கே இருந்தார் என்று கேட்கிறீர்களா? அடுக்களைச் சன்னலுக்குப் பக்கத்தில் இருந்தார். அங்கே உட்கார்ந்தால் முற்றத்துக்கு அந்தப்பக்கம் பட்டறை தெரியும், குனிந்திருக்கிற அண்ணனின் முதுகு தெரியும். கிரைண்டருக்கு மேலே ஒலிக்கிற "என்னங்க" இப்போது அவரிடம் இல்லை. ஒரு கரண்டியால் சன்னல் கம்பியில் தட்டிப் பார்த்திருக்கிறார். பட்டறைச் சத்தத்தில் அது யார் காதில் விழும்?

என் மனைவிதான் மாடியிலிருந்து இறங்கி வந்து சொன்னாள். "அக்கா சாப்பிடக்கூட மாட்டேங்கறாங்க, சன்னலையே பார்த்துட்டு இருக்காங்க. உங்க அண்ணனைக் கொஞ்சம் உள்ள வரச் சொல்லுங்க."

போய்ச் சொன்னேன்.

"மூடி இன்னும் உக்காரலடா. அரை மில்லி இடிக்குது. இது மட்டும் முடிஞ்சுதுன்னா வழி பூரா அவ பேசறதைக் கேட்டுட்டே போகலாம்."

"அண்ணே, அண்ணி இப்ப முழிச்சிருக்காங்க" என்றேன். கொஞ்சம் கத்தித்தான் சொன்னேன்.

அவர் நிமிர்ந்தார். கையைச் சோப்பு போட்டுக் கழுவி, தகட்டுத் தூள் அண்ணிக்கு ஆகாது என்று சட்டையை மாற்றிக்கொண்டு உள்ளே போனார். அதற்குள் மாத்திரை வேலை செய்து, அண்ணி நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தார். போர்வையை எடுத்துக் கால்மேல் போட்டுவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு பட்டறைக்குத் திரும்பினார். முழித்திருக்கிற வேளையில் போய் உட்கார்ந்தாலும் அதே கதைதான். அண்ணி வாயைத் திறந்ததும், "சிரமப்படாதம்மா, இப்ப வேண்டாம். பெட்டி முடியப்போகுது, கார்ல பேசலாம்" என்பார். அன்பாகத்தான் சொல்வார். அவர் அன்பில் அரை மில்லிகூடக் குறை கிடையாது. அண்ணி வாயை மூடிக்கொள்வார். அவரைப் பார்ப்பார், பிறகு சன்னலைப் பார்ப்பார்.

மழை விட்டிருந்த ஒரு காலையில் பெட்டி முடிந்தது. கறுப்பு பெயின்ட் அடித்து, மூடிக்கு ரப்பர் விளிம்பு வைத்து, பிறந்ததிலிருந்து அந்த வண்டிக்குள்ளேயே இருந்தது மாதிரி உட்கார்ந்திருந்தது. இன்ஜின் ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள நான் பானெட்டின் மேல் கை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. வஞ்சகமில்லாமல் சொல்கிறேன், அந்த மாதிரி ஒரு சாமான் என் கடைக்கு என்றைக்கும் வராது.

அன்று மருத்துவமனைக்கு என்னையும் வரச் சொன்னார் அண்ணன். ஏதாவது அதிர்கிறதா என்று பின்சீட்டிலிருந்து கேட்க வேண்டுமாம். மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன். அண்ணி முன்சீட்டில், சால்வையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு. முந்தைய வாரத்தைவிட இளைத்திருந்தார்.

வண்டி தெருவைத் தாண்டியது. கடைவீதியைத் தாண்டியது. உள்ளே அப்படி ஓர் அமைதி. சால்வை சீட்டில் உரசுகிற சத்தம் கேட்டது. அண்ணன் ஒரு கண்ணைச் சாலையிலும் ஒரு கண்ணை அண்ணியின் மேலும் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். அண்ணி பேசவில்லை. ஒரு சிக்னலில் நின்றோம், அப்போதும் பேசவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "பெட்டி பிரமாதம் அண்ணே, ஒரு அதிர்வும் இல்ல" என்று ஆரம்பித்தேன். "வாயை மூடுடா" என்றார் அண்ணன். அவர் அப்படிச் சொல்கிறவர் இல்லை. மூடிக்கொண்டேன்.

பாலத்தில் ஏறி இறங்கினோம். அங்கே சாலை அகலமாகி, இடதுபக்கம் மரங்களுக்கு அடியில் நாலைந்து வண்டி நிற்கிற அளவுக்கு இடம் இருக்கும். பாலத்தின் சரிவு முடிகிற இடத்தில் அண்ணி அவர் பக்கம் திரும்பினார். காற்றாகத்தான் வந்தது, ஆனால் பின்சீட்டில் இருந்த எனக்கே ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

"இங்க ஓரமா கொஞ்சம் நிறுத்தறீங்களா?"

"ஏம்மா? ஏதாவது பண்ணுதா? மயக்கமா வருதா?"

"ஒண்ணும் பண்ணல. ஒவ்வொரு வாரமும் இதைத்தான் சொல்றேன்."

அண்ணன் மிதியிலிருந்து காலை எடுத்தார்.

"நிறுத்துங்க, வண்டிய அணைச்சுட்டுப் பேசலாம்னு சொல்வேன். நீங்களும் சரின்னு தலையாட்டுவீங்க. நிறுத்தப் போறீங்கன்னு பார்த்துட்டே இருப்பேன். இடம் தாண்டிப் போயிடும்." இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை, நடுவில் இரண்டு தரம் நின்று சொன்னார். கோபமே இல்லை அதில். கோபம் இருந்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அண்ணன் வண்டியை ஓரம் கட்டினார். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். சாவியைத் திருப்பி அணைத்தார். அவ்வளவு நாள் பாடுபட்டு அடக்கிய இன்ஜின் நின்றபோது எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அணைத்துவிட்டால் என் செட் மாட்டிய வண்டியும் இதே அமைதியோடுதான் நின்றிருக்கும். முதல் வாரமே நின்றிருக்கும். அது என் புத்தியில் ஏறியதும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. வண்டியையே கட்டிக்கொண்டு வாழ்கிற எங்களுக்கு இரைச்சல் என்றால் குழாயைத்தான் மாற்றத் தோன்றுகிறது. சாவி கையிலேயே இருந்தது.

"தம்பி, நீங்க கொஞ்சம் இறங்கி நிக்கறீங்களா?" என்றார் அண்ணி.

இறங்கி, மருந்துப் பையோடு ஒரு மரத்துக்குப் பின்னால் போய் நின்றேன். கார் பக்கம் திரும்பவில்லை. அண்ணி என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது, இன்றுவரை நான் விசாரித்ததும் இல்லை. மருத்துவமனைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எங்கள் முறை தாண்டிவிட்டிருந்தது. கடைசியாகக் கூப்பிடுகிறோம், உட்காருங்கள் என்றார்கள். அண்ணன் அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்தார், பெயர் கூப்பிடும் வரை எழுந்திருக்கவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் பாலம் இறங்கி நிறுத்தினார். ஆனால் தடவைகள் அதிகம் மிச்சமில்லை. அடுத்த மழைக்காலம் தொடங்கும் முன்பே அண்ணி போய்விட்டார்.

காரியங்களெல்லாம் முடிந்து, சொந்தக்காரர்கள் கலைந்த பிறகு, ஒரு நாள் நான் நடுக்கதவைத் திறந்துகொண்டு போய் அவர் பக்கத்தில் நின்றேன். எதைச் சொல்வது என்று தெரியாமல், பெட்டி நல்லபடி வந்ததே, அண்ணிக்குக் கடைசியில் சத்தமில்லாமல் போய்வர முடிந்ததே என்று ஏதோ உளறினேன்.

"பெட்டி செஞ்ச நாளெல்லாம் அவ உள்ள தனியா உக்காந்திருந்தாடா" என்றார். "நான் இங்க அவளுக்காக வேலை செஞ்சிட்டு இருந்தேன்." கீழே கிடந்த தகட்டுத் துண்டுகளைப் பொறுக்கி ஓரமாக வைத்தேன்.

அவர் மறுபடி வேலையை ஆரம்பித்தார். குழாய் வளைக்கிறார், பற்றவைக்கிறார், அரை மில்லிக்குச் சண்டை போடுகிறார். அந்தப் பெட்டியைப் பற்றி எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது. போன மாதம் ஒருவர் அதைத் தேடிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். நல்ல வேலையில் இருக்கிறவர், நயமாகப் பேசினார். புதிதாக வாங்கி மாட்டிய செட்டில் இரைச்சல் தாங்கவில்லை, சத்தமே வராத பெட்டி ஒன்று செய்து தர வேண்டும் என்றார்.

"உங்களுக்கு இரைச்சல் பிடிக்கலையா?" என்று கேட்டார் அண்ணன்.

"எனக்குப் பரவாயில்லைங்க. வீட்டுக்காரிக்குத்தான். பக்கத்துல உக்காந்து என்னமோ சொல்லிட்டே வர்றா, ஒண்ணும் காதுல விழ மாட்டேங்குது. சத்தத்தைப் பத்தித்தான் சொல்றா போல."

அண்ணன் கையில் இருந்த குழாயைக் கீழே வைத்தார். "இன்னைக்குப் போகும்போது வண்டிய ஓரமா நிறுத்தி, அணைச்சுட்டு, என்ன சொல்றாங்கன்னு அவங்ககிட்டயே கேளுங்க. அதுக்கப்புறமும் பெட்டி வேணும்னா வாங்க."

வந்தவர் சிரித்துவிட்டு, நடுக்கதவு வழியாக என் கடைக்குள் வந்தார். உங்கள் அண்ணனுக்கு வேலை செய்ய இஷ்டமில்லை போலிருக்கிறது என்றார். மூடிய பெட்டியோடு வரும் செட் ஏதாவது இருக்கிறதா, இப்போதே மாட்டிவிடலாமா என்று கேட்டார். அது அவர் தலைக்கு மேலே, அலமாரியிலேயே இருந்தது. இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.